கேட்ட பாட்டையெல்லாம் வாசிக்கும் மகன்: கீபோர்டை எடுத்து வைக்கத்தான் வேண்டுமா?

கொருக்குப்பேட்டையில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியை, சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று அவரே பார்த்துக்கொள்ளும்படி, முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். தானாகப் பேசுவது இருபது முப்பது சொற்களைத் தாண்டவில்லை. உறவினர் வீட்டில் தூசு படிந்து கிடந்த ஒரு பழைய கீபோர்டு கைக்கு வந்ததிலிருந்து, ஒரே ஒரு முறை கேட்ட மெட்டை அவன் பிசகாமல் வாசிக்கிறான். ரயில்வே கேட் பக்கம் வண்டி ஊதினால் ஓடிவந்து, இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி அந்த ஊதலையே எழுப்பிக் காட்டுகிறான். குக்கர் விசில் அடித்தாலோ காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், ஆறு மாதத்துக்குக் கீபோர்டைப் பரணில் ஏற்றிவிடச் சொல்கிறார். அது இருக்கும்வரை பேச்சு வராதாம். பையனின் ஆயா (பாட்டி), இது அம்மன் கொடுத்த வரம் என்று ஆடி மாதக் கோயில் மேடையில் அவனை உட்கார வைக்க நாள் பார்க்கிறார். துறைமுகத்தில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து படுக்கும் தந்தைக்கோ, அதே எட்டு ஸ்வரம் நூறு முறை காதில் விழுகிறது. "எங்கள் வீட்டில் யாருக்கும் பாட்டு தெரியாது, இவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?" என்று கடிதம் முடிகிறது. இதில் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது திறமையா, ஆட்டிசத்தின் அறிகுறியா என்பது ஒன்று. இசை பேச்சைத் தடுக்கிறதா என்பது இரண்டாவது. பாட்டு தெரியாத ஒரு குடும்பம் இப்படியொரு பிள்ளையோடு எப்படி இருப்பது என்பது மூன்றாவது. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் சிறுவயதில் சில ஆண்டுகள் வீணை கற்றவள். அதன்பின் சிறப்புக் கல்வி படித்து, 22 ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகளோடு வேலை செய்து வருகிறேன். மருத்துவர் அல்ல. உங்கள் மகனை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே அவனைப் பற்றி நான் சொல்வதெல்லாம், நீங்கள் எழுதியதை வைத்துச் செய்யும் ஊகம். ஆட்டிசத்தையும் இசையையும் பற்றிச் சொல்வதில் சிலவற்றுக்கு ஆய்வின் பலம் உண்டு, சிலவற்றுக்கு என் அனுபவத்தின் பலம் மட்டுமே உண்டு. எது எந்த வகை என்று ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஆட்டிசம் என்ற நிலையை 1943ஆம் ஆண்டில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை முன்வைத்து முதன்முதலாக விரிவாக எழுதியபோதே, இசை அந்தக் கட்டுரைக்குள் வந்துவிட்டது. அவர் விவரித்த முதல் சிறுவன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைச் சரியாகப் பாடினான். இன்னொரு குழந்தை ஒன்றரை வயதில் 18 சிம்பொனிகளை வேறுபடுத்தி அறிந்தது. ஒரு ஒலியைக் கேட்டதும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஸ்வரம் எதுவும் இல்லாமலே அது எந்தச் சுருதி என்று கண்டுகொள்ளும் திறன் பொதுமக்களில் பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது அதைவிடக் கணிசமாக அதிகம் காணப்படுகிறது. 1998இல் பமேலா ஹீட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும், இசைப் பயிற்சியே இல்லாத ஆட்டிசச் சிறுவர்களுக்கு ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு விலங்குப் படத்தோடு சேர்த்துக் காட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பார்த்தார்கள். எந்த ஸ்வரம் எந்த விலங்கு என்பதை அவர்கள் மற்ற சிறுவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதிலும் இவர்களுக்குக் கூடுதல் கூர்மை இருப்பதை அதே குழுவினர் கண்டார்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரியும் இதைச் சார்ந்ததுதான். ரயில் எஞ்சினின் ஊதல் நம் காதுக்கு ஒரே சத்தம். உண்மையில் அது மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சுருதிகள் சேர்ந்தது. உங்கள் மகன் ஒரு கட்டையை அழுத்தவில்லை, இரண்டை அழுத்துகிறான். அந்த ரயில்வே கேட்டைத் தினமும் கடக்கும் ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு அது இரண்டாகக் கேட்டிருக்கும்?

ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எல்லோரும் இப்படி இருப்பதில்லை என்பதையும் இதே உறுதியோடு சொல்ல வேண்டும். 1978இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற ஆய்வாளர் பெற்றோர்களிடம் கேட்டுத் தொகுத்த கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு துறையில் தனித்திறன் இருந்தது; பிந்தைய கணக்குகள் இதைவிடக் கூடுதலாகவும் சொல்கின்றன. தனித்திறன் என்பதை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறி இறங்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ஆட்டிசம் என்றால் உள்ளே ஒரு மேதை ஒளிந்திருப்பான்" என்று சினிமா பார்த்துவிட்டு வந்து சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. எந்தத் தனித்திறனும் இல்லாத பிள்ளையைப் பெற்றவர்கள், தங்கள் மேல் ஏதோ குறை இருப்பதுபோல் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, திறமையா அறிகுறியா என்ற கேள்வி. அந்தக் கேள்வியையே கைவிட்டுவிடலாம் என்பது என் கருத்து. நுணுக்கத்தைப் பிரித்துக் கேட்கும் அதே காதுதான் குக்கர் விசிலுக்கு அவனைக் காதைப் பொத்திக்கொண்டு ஓடவும் வைக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அவன் எதைக் கேட்கிறான் என்பதை நீங்களே வீட்டில் கொஞ்சம் கண்டறியலாம். உறவினர்கள் கூடியிருக்கும்போது பரீட்சை வைப்பதுபோல் செய்யாமல், அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போது, விளையாட்டாகச் செய்ய வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஒரு மெட்டில் ஒரே ஒரு கட்டையை வேண்டுமென்றே தவறாக அழுத்துங்கள். சிரிக்கிறானா, உங்கள் விரலை நகர்த்திச் சரியான கட்டையில் வைக்கிறானா, கத்துகிறானா என்று பாருங்கள். சிரித்தால், அவன் மெட்டை மனப்பாடமாக மட்டும் வைத்திருக்கவில்லை, அதன் போக்கையும் அறிந்திருக்கிறான் என்று நான் எடுத்துக்கொள்வேன். பிறகு அதே மெட்டை வேறொரு கட்டையிலிருந்து தொடங்கி நீங்கள் முனகுங்கள்; அவன் உங்கள் சுருதிக்கு மாறி வாசித்தால் அது மிக நல்ல அறிகுறி. மாறாமல் பழைய இடத்திலேயே வாசித்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை, அந்தப் பாட்டு அவனுக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது என்று பொருள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்ற பொத்தானை மட்டும் தொடாதீர்கள். திருவொற்றியூரில் ஒரு பையன் ஒரு வாரமாகக் கீபோர்டைக் கண்டாலே தன் தலையில் அடித்துக்கொள்கிறான் என்று என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், தங்கை எப்போதோ அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அவன் ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த கட்டையின் ஒலி வந்துகொண்டிருந்தது. நாம் 'அ' என்று வாயைத் திறக்கும்போது 'இ' என்று கேட்டால் எப்படி இருக்கும்? பொத்தானைச் சரி செய்ததும் அவன் அதே கட்டையை ஏழெட்டு முறை அழுத்திப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், அதன்பிறகுதான் வாசிக்க உட்கார்ந்தான்.

இனி பேச்சு. கீபோர்டை எடுத்துவிட்டால் பேச்சு வரும் என்பதற்கு எந்தச் சான்றையும் நான் கண்டதில்லை. அந்த அச்சம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்ல முடியும். நாடியா என்ற ஆட்டிசச் சிறுமி மூன்றரை வயதிலேயே வியக்கத்தக்க வகையில் குதிரைகளை வரைந்தாள். மொழி கற்கத் தொடங்கிய பிறகு அந்த ஓவியத் திறன் மங்கியது. 1977இல் லோர்னா செல்ஃப் அவளைப் பற்றி எழுதியதிலிருந்து, திறமையும் மொழியும் ஒரே உறைக்குள் இருக்க முடியாத இரண்டு கத்திகள் என்ற எண்ணம் பரவியது. ஆனால் அது ஒரே ஒரு குழந்தையின் வரலாறு. இத்தகைய தனித்திறன் உள்ளவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்த டெரால்ட் டிரெஃபர்ட், திறமையை வளர்த்தால் மொழியும் பழகும் முறையும் அதோடு சேர்ந்து வளருமே தவிர ஒன்றுக்காக மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை என்றே சொல்லிவந்தார். என் அனுபவமும் அவர் பக்கம்தான்.

அதே மூச்சில் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: இசை கற்றால் பேச்சு வந்துவிடும் என்று உறுதி கொடுப்பவர்களையும் நம்பாதீர்கள். 9 நாடுகளில், நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள 364 ஆட்டிசக் குழந்தைகளிடம் இசைச் சிகிச்சையைச் சோதித்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், ஐந்து மாத முடிவில் ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட மதிப்பாய்வு சற்று நம்பிக்கையான முடிவுக்கு வந்தது. பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கைத் தரமும் கூடுவதற்கு வாய்ப்பு உண்டு என்றது, ஆனால் பேச்சில் தெளிவான வேறுபாடு எதையும் அதுவும் காணவில்லை. ஆக, பேச்சுக்காகக் கீபோர்டை எடுத்து வைப்பதும் பேச்சுக்காகவே கீபோர்டைக் கொடுப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். அவன் வாசிப்பது அவனுக்குப் பிடித்திருப்பதால். வேறு காரணம் தேவையில்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, நான் அப்போது இருந்த மையத்தில், டோலக் தட்டுவதில் உயிரை வைத்திருந்த ஒரு பையனுக்கு, ஐந்து சொற்கள் சொன்னால் ஐந்து நிமிடம் டோலக் என்று கணக்கு வைத்தேன். இரண்டு வாரம் அருமையாக நடந்தது. சொற்கள் வந்தன, நானும் அறிக்கையில் பெருமையாக எழுதினேன். மூன்றாம் வாரம் அவன் டோலக்கைத் தொடுவதை நிறுத்திவிட்டான். எடுத்துக் கொடுத்தால் என் மடியிலேயே திரும்ப வைத்தான். சொற்களும் அதோடு நின்றன. அவனுக்குச் சொந்தமாக இருந்த ஒன்றைப் பிடுங்கி, அதையே கூலியாகக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் மறுபடி தட்ட ஏழு மாதம் ஆயிற்று. ஆகவே, "சாப்பிட்டால் கீபோர்டு, சொன்னால் கீபோர்டு" என்ற பேச்சே உங்கள் வீட்டில் வேண்டாம்.

அதற்காகப் பேச்சுப் பயிற்சியை நிறுத்தச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். பயிற்சி கொடுப்பவரிடம் சண்டை போடாமல், கீபோர்டையே ஒருநாள் அங்கே எடுத்துச் சென்று பத்து நிமிடம் அவன் வாசிப்பதைக் காட்டுங்கள். பயிற்சி நேரத்தில் அவன் கவனம் கீபோர்டிலேயே இருப்பது அவருக்கு உண்மையான தொல்லையாக இருந்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் கீபோர்டு கண்ணில் படாமல் இருப்பது நியாயமான கோரிக்கைதான். ஆறு மாதம் பரணில் ஏற்றுவதுதான் நியாயமில்லை. பயிற்சிக்குள் பாட்டைப் பயன்படுத்தவும் வழி உண்டு. தெரிந்த பாட்டின் வரியைப் பாடிக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருந்தால், பேசாத பிள்ளைகளில் சிலர் அந்தச் சொல்லைப் போட்டு நிரப்புகிறார்கள். எல்லோரும் அல்ல, சிலர். அவன் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டின் துண்டை, பொருளே இல்லாத இடத்தில் பாடுவதுபோல் தோன்றினால், அந்தப் பாட்டை முதன்முதலில் எங்கே கேட்டான் என்று யோசித்துப் பாருங்கள். ஷேர் ஆட்டோவில் கேட்ட பாட்டாக இருந்தால் அவன் வெளியே போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

தந்தையின் தூக்கம் சிறிய விஷயமல்ல. கீபோர்டில் ஹெட்போன் சொருகும் துளை பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். காதை முழுவதும் மூடும் மெத்தென்ற ஹெட்போனை அவன் ஏற்றுக்கொள்கிறானா என்று முதலில் ஒலியே இல்லாமல் தலையில் மாட்டிப் பழக்குங்கள். ஏற்காவிட்டால், அப்பா தூங்கும் படம், கீபோர்டின் படம் என இரண்டு அட்டைகளைச் சுவரில் மாற்றி மாற்றி ஒட்டி நேரத்தைப் பிரித்துக் காட்டலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் பாதி மெட்டில் சுவிட்சை அணைக்காதீர்கள். அந்த வரி முடியும் இடம்வரை பொறுத்திருந்து, பிறகு கையைக் காட்டுங்கள். அவன் அடம் பிடிப்பதில் பாதி அத்தோடு குறைந்துவிடும் என்பது நான் பல வீடுகளில் பார்த்தது. அந்த எட்டு ஸ்வரம் நூறு முறை வருவதைப் பொறுத்தவரை, ஒருநாள் உட்கார்ந்து உண்மையிலேயே கேளுங்கள். சில பிள்ளைகளிடம் அது இம்மி பிசகாமல் அதேதான். ஏதோ பதற்றம் அல்லது உடல் உபாதை அவனை அதற்குள் தள்ளியிருக்கலாம், பல்வலியையும் மலச்சிக்கலையும் நான் இப்படிக் கண்டுபிடித்ததுண்டு. வேறு சிலரிடம் ஐந்தாம் முறையில் ஒரு ஸ்வரம் நீளும், ஒன்பதாம் முறையில் இடதுகை ஒரு கட்டையைத் தொட்டுப் பார்க்கும். அது பயிற்சி. பாகவதர் வீட்டுப் பிள்ளை செய்தால் சாதகம் என்போம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் பாட்டு தெரியாது என்பதை நான் நம்பவில்லை. இசை என்றாலே கூவத்துக்குத் தெற்கே, மயிலாப்பூர் சபாக்களில் நடப்பது என்ற நினைப்பு வடசென்னைக்காரர்களாகிய நமக்கே ஊறிப்போய்விட்டது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் செய்திருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பையர் அங்கேயே வாழ்ந்தவர். அது ஒருபுறம் இருக்கட்டும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவுக்குக் குருகுலம் எங்கே இருந்தது? சட்டியும் டோலக்கும் கைதட்டலும்தானே? அந்தத் தெருக்களில் வளர்ந்த ஒருவருக்குத் தாளம் தெரியாது என்று சொன்னால், அது அவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தப்பெண்ணம். வியாசர்பாடியில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. தாத்தா ஒரு காலத்தில் கானா பாடியவர். பேரன் கீபோர்டில் செய்வதைப் "பொம்மையைத் தட்டிக்கொண்டிருக்கிறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, பேச்சுவாக்கில் அவர் விரல்கள் பிளாஸ்டிக் குடத்தின் மேல் ஒரு தாளத்தைத் தட்டின. பையன் வாசிப்பதை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் தாளம் எங்கே விழுமோ அந்த இடம்வரை கை அந்தரத்தில் நின்றது. விழுந்த கணத்தில் மெட்டு புறப்பட்டது. தாத்தா வேகத்தைக் கூட்டினார், அவனும் கூட்டினான். அவர் வேண்டுமென்றே ஒரு தட்டை விழுங்கினார். அவன் சிரித்தான். அந்த வீட்டில் அதுவரை யாரோடும் சேர்ந்து ஒரு விளையாட்டைக்கூட முழுதாக விளையாடியிராத பிள்ளை அவன். தாத்தா என்னைப் பார்த்து, "இவன் காது வெச்சிக்கினு இருக்கான்மா" என்றார். அதன்பின் பொம்மை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது, சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், துணைக்குப் போங்கள் என்பதுதான். அவனுக்கு இடதுபுறம் உட்காருங்கள். அவன் வாசிக்கும் மெட்டு எந்த ஸ்வரத்தில் வந்து அமர்கிறதோ அதைக் கண்டுபிடித்து, கீழ்ப்பகுதியில் அதே ஸ்வரத்தை மெல்ல அழுத்திப் பிடித்திருங்கள். தம்பூரா செய்வது இதைத்தான். இதற்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் கையைத் தள்ளிவிடுவான், அது மரியாதைக் குறைவு அல்ல. குறைமாதத்தில் பிறந்து பச்சிளம் பருவத்திலேயே பார்வை இழந்தவரும் ஆட்டிசம் உள்ளவருமான டெரெக் பாராவிசினி இன்று உலக மேடைகளில் பியானோ வாசிப்பவர். சிறுவனாக இருந்தபோது அவர் தன் ஆசிரியர் ஆடம் ஆக்கல்ஃபோர்டைப் பியானோ அருகே அண்டவிடாமல் தள்ளியவர்தான். ஆசிரியர் பையனைத் தூக்கி அறையின் மறுகோடியில் விட்டுவிட்டு, அவன் தட்டுத்தடுமாறித் திரும்பி வருவதற்குள் கிடைக்கும் சில நொடிகளில் ஒரு துண்டை வாசிப்பார். பையன் வந்து அவரைத் தள்ளிவிட்டு அதையே திருப்பி வாசிப்பான். அப்படித்தான் அவர்களுடைய பாடம் தொடங்கியது. உங்கள் மகன் தள்ளினால் கையை எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே இடத்தில் உட்காருங்கள்.

ஆசிரியர் வேண்டும், ஆனால் அவசரமில்லை. ஒரு விரலால் வாசிக்கும் பழக்கம் இறுகிப் போவதற்குள், இன்னும் ஓராண்டுக்குள் ஒருவர் கிடைத்தால் நல்லது. கர்நாடக இசை ஆசிரியராக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே ஸ என்பது நிலையான உயரம் அல்ல. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப அது ஒரு கட்டைச் சுருதியிலும் இருக்கும், ஐந்து கட்டைச் சுருதியிலும் இருக்கும். உங்கள் மகனைப் போன்ற காது உள்ளவனுக்கு முதல் நாள் ஒரு கட்டையில் ஸ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் வேறு சுருதியில் அதையே ஸ என்றால், நேற்றுவரை அம்மா என்று அழைத்தவரை இன்று அத்தை என்று அழைக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். ஆரம்ப மாதங்களில் ஒரே சுருதியை மாற்றாமல் வைத்திருந்து, அது வேர் பிடித்தபின் சிறிது சிறிதாக மாற்றினால் பழகிவிடுகிறார்கள். தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் அலங்காரமும் மற்றப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும். ஒழுங்கில் இன்பம் காணும் இந்தப் பிள்ளைகளில் சிலர் அதில்தான் திளைக்கிறார்கள். ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் இசைக்கும் கமகத்தைக் கீபோர்டில் முழுமையாகக் கொண்டுவர முடியாது என்பதால் பிற்பாடு வயலினோ வீணையோ தேவைப்படலாம், அது அப்போதைக்கு. ஆசிரியரின் பட்டத்தை நான் பார்க்க மாட்டேன். முதல் வகுப்பில் பேசாமல் இருபது நிமிடம் பையன் வாசிப்பதைக் கேட்கிறாரா, கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாமல் இருக்கிறாரா, இந்த இரண்டை மட்டும் பார்ப்பேன்.

ஆடி மேடை விஷயத்தில் ஆயாவின் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக, இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். கூம்பு ஸ்பீக்கர், பம்பை, சீரியல் விளக்கு, மாலை, முகத்தருகே நீளும் பத்துச் செல்போன்கள் இவ்வளவையும் குக்கர் விசிலுக்கு ஓடும் ஒரு காது தாங்காது. தானே எழுப்பும் ஒலியும் தன்மேல் வந்து விழும் ஒலியும் அவனுக்கு வேறு வேறு. கீபோர்டை விரும்புகிறவன் சத்தத்தை விரும்புவான் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருமுறை ஆண்டுவிழாவில் ஒரு சிறுமியைப் பாட வைத்தார்கள், நானும் உடன்பட்டேன். மைக் கீச்சிட்டதும் அவள் மேடையிலேயே காதைப் பிறாண்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மாதம் குளியலறையில்கூட முனகவில்லை என்று அவள் அம்மா சொன்னார். ஆயாவிடம், அம்மன் கொடுத்ததை அம்மன் முன்னால் வாசிக்கட்டும், கூட்டம் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோயில் திண்ணையில், ஆயா மட்டும் பக்கத்தில் இருக்க, என்று சொல்லிப் பாருங்கள். வரம் என்ற அவருடைய நம்பிக்கையோடு நான் வழக்காட மாட்டேன். இந்தப் பிள்ளையைப் பார்த்துத் தெருவே 'பாவம்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தானே.

இனி, சந்தேகத்துக்குரியவை. இது அவனுக்குப் பிழைப்பாக மாறுமா என்பதை யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஒருமுறை கேட்டு வாசிப்பவர்கள் எல்லோரும் கலைஞர்களாவதில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் ஆர்வமே வேறு எதிலாவது திரும்பிவிட்ட பிள்ளைகளையும் நான் அறிவேன், அதுவும் இழப்பு அல்ல. ஆகையால் அன்றாட வேலைகளைத் தானே செய்யும் பழக்கம், பள்ளி, ஊனமுற்றோர் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவை கீபோர்டுக்காகத் தள்ளிப்போக வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்தில் ஒருமுறை முழு மதிப்பீடு செய்துகொள்வது, கொருக்குப்பேட்டையிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் போகும் அலைச்சலுக்குத் தகுந்ததுதான் என்பது என் எண்ணம்.

உங்கள் கணவருக்கு இந்தப் பதிலில் ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டுவதாக இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த விடுமுறை நாளில் அவர் கீபோர்டின் இடதுகோடியில் உட்காரட்டும். வண்டி ஊதும். பையன் ஓடிவந்து அந்த இரண்டு கட்டைகளை அழுத்துவான். அவற்றில் ஏதாவது ஒன்றை, அதே ஸ்வரத்தை, கீழ் ஸ்தாயியில் அவர் ஒரு விரலால் அழுத்திவிட்டு எதுவும் பேசாமல் காத்திருக்கட்டும். பையன் திரும்பிப் பார்க்காமல் போகலாம். பத்துவரை மனதுக்குள் எண்ணட்டும். பெரும்பாலும் நாம் நான்கிலேயே பொறுமை இழந்து பேசிவிடுகிறோம். என்ன நடந்தது என்பதை எனக்கு எழுதுங்கள், எதுவும் நடக்காவிட்டாலும் எழுதுங்கள்.